சம்பந்தியின் பெட்ரோல்

குழந்தைவேலு ஒரு டீச்சரிடம் சீடராகச் சேர்ந்து மூன்று வருஷம் ஆகிறது. இந்த மூன்று வருஷத்தில் அவர் கேட்ட ஒரு கேள்விக்காவது டீச்சர் நேராகப் பதில் சொல்லியிருப்பாரா என்றால், இல்லை.

டீச்சர் பெயர் எஸ்தர். திருநெல்வேலிப் பக்கம். பாலிடெக்னிக்கில் பாடம் நடத்திக்கொண்டிருந்தவர் அந்த வேலையை விட்டுவிட்டு, மணலிலும் சேற்றிலும் மலையிலும் வண்டி ஓட்டக் கற்றுக்கொடுக்க வந்துவிட்டார். குழந்தைவேலு மின்வாரியத்தில் இன்ஜினீயராக இருந்து ஓய்வு பெற்றவர், ஈரோட்டுக்காரர். டீச்சரை விட இருபது வயது மூத்தவர். இருந்தாலும் டீச்சர் முன்னால் கையைக் கட்டிக்கொண்டுதான் நிற்பார். அப்படி ஒரு மரியாதை. அதே அளவுக்கு எரிச்சலும் உண்டு.

அவருக்கு ஒரே ஓர் ஆசை. புதிதாகச் சேருகிறவர்களை அழைத்துக்கொண்டு, முன்வண்டியில் தானே தலைமை தாங்கிப் போக வேண்டும். போன வருஷமே கேட்டார். டீச்சர் தலையை ஆட்டியதோடு சரி. இந்த வருஷமும் கேட்டபோது, ராஜஸ்தான் மணற்காட்டுக்குப் போய் வரலாம், அது முடியட்டும், அப்புறம் பார்க்கலாம் என்றார்.

அத்தோடு விட்டிருந்தால் பரவாயில்லை. கூட வரப்போகிற இன்னொரு வண்டி யாருடையது என்று கேட்டபோதுதான் குழந்தைவேலுவுக்குத் தலை சுற்றியது. அங்கப்பனுடையதாம். மஞ்சள் மண்டி அங்கப்பன். குழந்தைவேலு பெண்ணைக் கொடுத்த வீட்டுக்காரர், சம்பந்தி.

உலகத்தில் யாரிடம் வேண்டுமானாலும் கோபப்படலாம், சம்பந்தியிடம் முடியுமா? மகள் அந்த வீட்டில் இருக்கிறாள். இங்கே ஒரு வார்த்தை தடித்தால் அங்கே அவள் தட்டில் போய் விழும். அதனால் நாலு வருஷமாகக் குழந்தைவேலு, அங்கப்பன் என்ன செய்தாலும் பல்லைக் கடித்துக்கொண்டு சிரித்துக்கொண்டிருந்தார்.

அங்கப்பன் செய்ததோ கொஞ்சநஞ்சமில்லை. இந்தப் பயணத்திலும் ஏழு மணிக்குக் கிளம்பலாம் என்றால் எட்டரைக்குத்தான் சந்தனப் பொட்டு வைத்துக்கொண்டு வருவார். டீக்கடையைக் கண்டால் நிறுத்துவார். ஒட்டகத்தைக் கண்டால் நிறுத்துவார். ஒட்டகம் இல்லாவிட்டால், ஏன் இல்லை என்று விசாரிக்க நிறுத்துவார். அவர் வண்டியில் சினிமாப் பாட்டு மெட்டில் அலறுகிற ஒரு ஹாரன் வேறு. அதை நேரங்காலம் இல்லாமல் அடிப்பார். அடித்து முடித்து ஜன்னல் வழியே தலையை நீட்டி, "சாப்டீங்களா சம்பந்தி?" என்பார்.

மணற்காட்டுக்கு முன்னால் இருந்த கடைசி பெட்ரோல் பங்கில்தான் விவகாரம் ஆரம்பித்தது. அதைத் தாண்டினால் மூன்று நாளைக்குப் பங்க் கிடையாது. குழந்தைவேலுவின் வண்டி டீசல், அங்கப்பனுடையது பெட்ரோல். ஆளுக்கொரு இரும்புக் கேன் உபரியாக நிரப்பிக்கொள்ள வேண்டும்.

இந்த வேலையில் குழந்தைவேலுவிடம் யாரும் குற்றம் கண்டுபிடிக்க முடியாது. கேனை வண்டியில் வைத்தபடி நிரப்ப மாட்டார், தரையில் இறக்கி வைப்பார். பம்பின் மூக்கு கேனின் வாயைத் தொட்டபடி இருக்கிறதா என்று பார்ப்பார். வெயிலில் எண்ணெய் பெருகும் என்று கழுத்துக்குக் கீழே நாலு விரல் இடம் விடுவார். மூடியின் வாசரைத் தடவிப் பார்த்து இறுக்குவார். அப்புறம் வண்டிக்குப் பின்புறம் வெளியே இருக்கிற கேரியரில் நிமிர்த்தி வைத்து, பட்டை போட்டுக் கட்டுவார். அன்றைக்கும் இத்தனையும் செய்து கட்டி முடித்துக் கையைத் துடைத்துக்கொண்டு நிமிர்ந்தார்.

டீச்சர் வந்து பார்த்தார். நல்லா இருக்கு என்றார். கேனை அவிழ்த்து அங்கப்பன் வண்டியில் கட்டச் சொன்னார். அங்கப்பனின் பெட்ரோல் கேனை இந்த வண்டியில் கட்டச் சொன்னார்.

குழந்தைவேலுவுக்குப் புரியவில்லை.

"ஏனுங்க டீச்சர், என்ற டீசல் அவர் வண்டியில எதுக்குங்க?"

"அவர் பெட்ரோல் உங்க வண்டியில வருதுல்லா?"

"அதத்தானுங்க கேக்கறேன். அது எதுக்குங்க என்ற வண்டியில?"

"உங்க டீசல் அவர் வண்டியில போகுதுல்லா அண்ணாச்சி?"

இதற்கு மேல் என்ன கேட்பது? தனக்கு எதற்கும் ஆகாத பெட்ரோலைத் தான் சுமக்க வேண்டும். அவருக்கு எதற்கும் ஆகாத டீசலை அவர் சுமக்க வேண்டும். மின்வாரியத்தில் எத்தனையோ கிறுக்கு உத்தரவுகளைப் பார்த்தவர் குழந்தைவேலு. இப்படி ஒன்றைப் பார்த்ததில்லை.

டீச்சருக்கென்று தனி வண்டி கிடையாது. குழந்தைவேலு வண்டியில் ஏறி உட்கார்ந்து, ஒரு துணியை எடுத்து நடுவில் இருக்கிற பின்பார்வைக் கண்ணாடியைத் துடைத்தார். துடைத்த கண்ணாடியையே மறுபடியும் துடைத்தார். குழந்தைவேலுவுக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

அன்று முழுக்க அவர் முன்னால் பார்த்ததை விடக் கண்ணாடியில் பார்த்ததுதான் அதிகம். சம்பந்தி வருகிறாரா? டீசல் வருகிறதா? ஒரு மேடு ஏறி இறங்கினால் நிறுத்திவிடுவார், பின்னால் அந்த வண்டி தலை காட்டும் வரைக்கும் நகர மாட்டார். இடையில் இரண்டு மூன்று தடவை இறங்கிப் போய், லொடலொடவென்று ஆடிக்கொண்டிருந்த பட்டையை இறுக்கிவிட்டு வந்தார். "எதுக்குங்க சம்பந்தி உங்களுக்குச் செரமம்?" என்று அங்கப்பன் முறுக்குப் பாக்கெட்டை நீட்டினார். குழந்தைவேலு சிரித்தபடி ஒன்றை எடுத்துக்கொண்டார். கழுத்து வலி உயிரை வாங்கியது.

இரவில் கூடாரத்துக்குள் படுத்தவருக்கு மனசு ஆறவில்லை. இந்த மனுஷன் எங்கேயாவது ஒட்டகத்தின் பின்னால் போய்த் தொலைந்துவிட்டால் என் கதி என்ன? வாக்கி டாக்கியாவது வைத்துக்கொள்ளலாம் என்றால் டீச்சர் அதற்கும் விடவில்லை. கண்ணும் ஹாரனும் போதும் என்றுவிட்டார். நல்ல குரு கிடைத்தார் போ என்று புரண்டு படுத்தார்.

மறுநாள் காலை பாதையில் ஒரு சின்ன ஊர் வந்தது. பத்துப் பதினைந்து வீடு, ஒரு டீக்கடை. கடைக்குப் பின்னால் பீப்பாயில் டீசல் வைத்துச் சில்லறைக்கு விற்றார்கள். அங்கப்பன் டீ குடிக்கப் போனார், டீச்சர் முகம் கழுவப் போனார். குழந்தைவேலு சுற்றும் முற்றும் பார்த்தார். கடைக்காரர் தண்ணீர் பிடித்து வைத்திருந்த ஒரு வெள்ளை பிளாஸ்டிக் கேனை விலைக்குக் கேட்டு வாங்கினார். கவிழ்த்து இரண்டு உதறு உதறினார். டீசலை நிரப்பச் சொன்னார்.

நாலு விரல் இடம் விட வேண்டும் என்பது அவருக்குத் தெரியாதா? தெரியும். ஆனால் திருட்டுத்தனமாகச் செய்கிற காரியத்தில் இன்னும் ஒரு லிட்டர் இருக்கட்டுமே என்று தோன்றுகிறதே, அதற்கு என்ன செய்வது? வாய் வரைக்கும் நிரப்பினார். வெளியே கட்டினால் தெரிந்துவிடும் என்று பின்சீட்டில் ஏற்றினார். மேலே கம்பளி, அதன் மேலே தலையணை, அதன் மேலே இன்னொரு கம்பளி என்று கூரை முட்டக் குவித்து மறைத்தார்.

அப்பாடா என்று இருந்தது. இனி இந்த மனுஷன் வந்தால் என்ன, வராவிட்டால் என்ன. வண்டியைக் கிளப்பியபோது அவர் வாய் தானாக விசில் அடித்தது.

பக்கத்தில் வந்து உட்கார்ந்த டீச்சர் வழக்கம்போலக் கண்ணாடியைத் துடைத்தார். துடைத்துவிட்டு அதையே கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தார்.

வெயில் ஏற ஏற வண்டிக்குள் ஒரு வாடை வந்தது. கேன் உப்பி, மூடியோரம் கசிந்து, கம்பளி நனைய ஆரம்பித்திருந்தது. டீச்சர் தன் பக்கத்து ஜன்னலை இறக்கினார். குழந்தைவேலு தன் பக்கத்தையும் இறக்கினார். பெட்ரோல் கேனைப் பின்னால் கட்டினால் இப்படித்தான் நாறும் என்று சம்பந்தியின் தலையில் பழியைப் போட்டார். மத்தியானச் சாப்பாடு முடிந்ததும் டீச்சர் அங்கப்பன் வண்டிக்கு மாறிக்கொண்டார்.

அங்கப்பன் தன் வண்டியின் முள்ளைக் காட்டி, பெட்ரோல் இறங்கிவிட்டது என்றார். மணலில் பெட்ரோல் வண்டி தண்ணீராகக் குடிக்கிறதாம். சாயங்காலம் கூடாரம் போடும் இடத்தில் சம்பந்தி வண்டியிலிருந்து கேனை இறக்கி ஊற்றிக்கொள்ளலாம் என்றார். குழந்தைவேலு சரிங்க என்று தலையாட்டினார். ஆனால் அவர் மனசு பின்சீட்டில் இருந்தது. தலை விண்விண் என்று வலித்தது. சாயங்காலம் சாமான் இறக்கும்போது கேன் வெளியே வந்துவிடும். டீச்சர் பார்த்துவிட்டால் முன்வண்டியாவது தலைமையாவது? அதற்கு முன்னால் டீசலைத் தொட்டியில் ஊற்றிவிட்டு, காலிக் கேனை எங்கேயாவது செருகிவிட வேண்டும். யாரும் பார்க்காமல் ஊற்ற வேண்டுமானால் கொஞ்சம் முன்னால் போயாக வேண்டும்.

வண்டியை விரட்டினார். பாதையை விட்டு விலகி, இரண்டு மணல்மேடுகளைத் தாண்டிப் பள்ளத்தில் போய் நிறுத்தினார். சல்லடை வைத்த புனல் அங்கப்பன் வண்டிப் பெட்டியில் இருந்தது. அது இல்லாமலே தண்ணீர் பாட்டிலை வெட்டிப் புனலாக்கி, முழுவதையும் ஊற்றினார். கேனின் அடியில் டீக்கடைத் தண்ணீர் எவ்வளவு தங்கியிருந்தது, பீப்பாய் டீசலில் எவ்வளவு கலந்திருந்தது என்பதெல்லாம் கடவுளுக்குத்தான் வெளிச்சம்.

திரும்பிப் பாதைக்கு வருவதற்குள் வண்டி ஒரு தடவை இருமியது. இன்னொரு தடவை இருமியது. மேட்டின் நடுவில் நின்றுவிட்டது.

அவர் இன்ஜினீயர்தானே, என்ன ஆயிற்று என்று உடனே தெரிந்துவிட்டது. தொட்டியைத் திறந்து அத்தனையையும் வடிக்க வேண்டும். பில்டரை மாற்ற வேண்டும். நல்ல டீசல் ஊற்ற வேண்டும். மாற்று பில்டர் இருந்தது. நல்ல டீசல் இல்லை. அது சம்பந்தியின் வண்டிக்குப் பின்னால் பட்டை போட்டு, இவரே இரண்டு மூன்று தடவை இறுக்கிக் கட்டி, பத்திரமாக இருக்கிறது. இவர் வண்டிக்குப் பின்னால் இருப்பது பெட்ரோல். குழந்தைவேலு பானெட் மேல் கையை ஊன்றிக்கொண்டு, பெட்ரோலை, டீசலை, மஞ்சள் மண்டியை, டீச்சரை, ஒன்று விடாமல் எல்லாவற்றையும் திட்டினார். கேட்க ஆள் இல்லாததால் நிறையவே திட்டினார்.

வருவார்கள் என்று காத்திருந்தார். வரவில்லை. நிழல் நீளத் தொடங்கியது. நாக்கு வறண்டது.

அப்போதுதான் அந்தக் கண்றாவி ஹாரன் கேட்டது. சினிமாப் பாட்டு மெட்டு. தெற்கே, மேடுகளுக்கு அப்பால். நாலு வருஷமாக அவர் காதில் ஈயத்தைக் காய்ச்சி ஊற்றிய சத்தம் அன்றைக்கு அவர் வயிற்றில் பாலை வார்த்தது. மேட்டின் மேல் ஏறி நின்று, கிட்டே வரட்டும் என்று காத்திருந்தார். ஹாரன் நின்றது. மறுபடி அடித்தது. அதே இடத்திலிருந்துதான். கொஞ்ச நேரம் கழித்து மறுபடியும் அதே இடத்திலிருந்து.

ஏன் வரமாட்டேன் என்கிறார்? இங்கேயும் ஒட்டகமா?

அப்புறம்தான் உறைத்தது. வண்டித் தடம் பாதையை விட்டு விலகியதைப் பார்த்துத் தன்னைத் தேடியிருக்கிறார்கள். மேடு மேடாக ஏறி இறங்கித் தேடியிருக்கிறார்கள். ஏற்கெனவே முள் இறங்கிக் கிடந்த வண்டி. பெட்ரோல் தீர்ந்துவிட்டது. அவர்களுடைய பெட்ரோல் இதோ, இங்கே இருக்கிறது.

குழந்தைவேலு தண்ணீர் பாட்டிலை எடுத்துக்கொண்டு ஹாரன் வந்த திசையில் நடந்தார். போய் டீசலை வாங்கி வந்துவிடலாம் என்பதுதான் எண்ணம். பத்தடி போயிருப்பார். நின்றார். போய் நின்றதும் சம்பந்தி என்ன கேட்பார் என்று நினைத்துப் பார்த்தார். ஒன்றும் கேட்க மாட்டார். சாப்டீங்களா என்றுதான் கேட்பார். குழந்தைவேலு தலையில் அடித்துக்கொண்டு திரும்பி வந்தார். பட்டையை அவிழ்த்து, பெட்ரோல் கேனைத் தூக்கித் தோளில் வைத்துக்கொண்டார்.

மணலில் வெறுங்கையோடு நடப்பதே பாடு. கேனோடு ஒரு மேடு ஏறுவதற்குள் அவருக்குக் கண் இருட்டியது. இறக்கி வைத்தார், தூக்கினார், உருட்டாத குறையாக இழுத்தார். இரண்டாவது மேட்டின் உச்சியை எட்டிப் பிடித்து நிமிர்ந்தபோது, எதிரே கீழிருந்து வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு ஓர் ஆள் ஏறி வந்துகொண்டிருந்தார். தோளில் கேன். சந்தனப் பொட்டு வியர்வையில் மூக்கு வரைக்கும் வழிந்திருந்தது. ஹாரன் பின்னால் இன்னும் கேட்டுக்கொண்டிருந்தது. டீச்சர் அடிக்கிறார் போல.

அங்கப்பன் கேனை இறக்கினார். மூச்சு வாங்கினார்.

"வண்டி நின்னுபோச்சுங்களா சம்பந்தி? எனக்குத் தெரியும். இல்லாட்டி நீங்க இத்தன நேரம் வராம இருக்க மாட்டீங்க."

குழந்தைவேலுவுக்கு என்ன வந்ததோ தெரியவில்லை. நாலு வருஷமாகக் கடித்திருந்த பல்லைத் திறந்துவிட்டார். எட்டரை மணிக்குக் கிளம்புகிறவரை எந்த ஊரில் பார்த்திருக்கிறது என்று ஆரம்பித்தார். ஒட்டகத்தைக் கேட்டார். ஹாரனைக் கேட்டார். கல்யாணப் பந்தியில் பெண் வீட்டாருக்குக் கடைசியாக இலை போட்டதையும் கேட்டார். இடையில் நிறுத்தத் தெரியாமல், பிளாஸ்டிக் கேன் வாங்கியதையும் கொட்டிவிட்டார்.

அங்கப்பன் பொறுமையாகக் கேட்டார். அப்புறம் அவர் ஆரம்பித்தார்.

"நீங்க பல்லக் கடிக்கறது எனக்குத் தெரியாதுன்னா நெனச்சீங்க? நாலு வருசமாத் தெரியும். என்னையத் திட்டறதுக்குக்கூட நான் ஆகமாட்டனுங்களா உங்களுக்கு? டீசலக்கூட என்னைய நம்பி விட முடியல, புள்ளைய எப்படீங்க நம்பி விட்டீங்க?"

மேட்டின் உச்சியில், நடுவே இரண்டு கேனை வைத்துக்கொண்டு, இரண்டு பெரிய மனுஷர்கள் வெயில் சாயும் வரைக்கும் சண்டை போட்டார்கள். சம்பந்தி ஆனதிலிருந்து அவர்கள் மனசு விட்டுப் பேசிக்கொண்டது அதுதான் முதல் தடவை. கடைசியில் தொண்டை வறண்டு, குழந்தைவேலு தண்ணீர் பாட்டிலை நீட்டினார். அங்கப்பன் வாங்கிக் குடித்தார்.

முதலில் பெட்ரோலைக் கொண்டுபோய் அங்கப்பன் வண்டிக்கு ஊற்றினார்கள். சல்லடைப் புனலைத் தேடி எடுத்து வைத்துத்தான் ஊற்றினார்கள். அந்த வண்டியில் டீசலையும் டீச்சரையும் ஏற்றிக்கொண்டு இந்த வண்டிக்கு வந்தார்கள். தொட்டியில் இருந்ததை வடித்து, மணலில் ஊற்றாமல் பிளாஸ்டிக் கேனிலும் ஒரு வாளியிலும் பிடித்தார்கள். பில்டரை மாற்றி, நல்ல டீசலை ஊற்றினார்கள். இருட்டுவதற்குள் வண்டி உறுமிவிட்டது. டீச்சர் விளக்கு பிடித்ததோடு சரி, வாயைத் திறக்கவில்லை. திட்டியிருந்தால்கூடக் குழந்தைவேலுவுக்குத் தேவலாம் என்று இருந்தது.

மறுநாள் மத்தியானம் தார் ரோடு வந்தது, பங்க்கும் வந்தது. இரண்டு வண்டியும் தொட்டியை நிரப்பிக்கொண்டன. இரும்புக் கேன்கள் இரண்டும் காலி. இனி ஊர் வரைக்கும் அடிக்கொரு பங்க், கேனில் ஊற்ற வேண்டிய அவசியமே இல்லை. அங்கப்பன் மட்டும் காலி டீசல் கேனைத் தன் வண்டியிலேயே வைத்துக்கொண்டார், திருப்பிக் கொடுக்கவில்லை. குழந்தைவேலுவும் கேட்கவில்லை.

டீச்சர் குழந்தைவேலு வண்டியில் வந்தார். வெகுதூரம் போன பிறகு குழந்தைவேலு மெல்லக் கேட்டார்.

"கேன் இருந்தது உங்களுக்கு வாடையிலதானுங்க தெரிஞ்சுது?"

"வாடை அப்புறம்லா வந்துது அண்ணாச்சி."

"பின்ன?"

"கண்ணாடிய மறச்சுக் கம்பளி குவிஞ்சு கெடந்துது. மத்தியானம் வரைக்கும் நீங்க அதக் கவனிக்கவே இல்ல."

குழந்தைவேலு கண்ணாடியை ஒரு தடவை பார்த்துக்கொண்டார். அப்புறம் அடங்காமல் கேட்டார்.

"தெரிஞ்சும் ஏனுங்க டீச்சர் சொல்லல?"

"சொன்னா என்ன செஞ்சிருப்பீங்க?"

"கேனை எறக்கி வெச்சிருப்பேன்."

"அதான். கேன் மட்டும்லா எறங்கியிருக்கும்."

இது ஒரு பதிலா? குழந்தைவேலுவுக்கு மறுபடியும் பற்றிக்கொண்டு வந்தது. போகட்டும், இனி ஒளிக்க என்ன இருக்கிறது, கேட்டுவிடலாம் என்று துணிந்தார்.

"அப்ப இந்த வருசமும் நான் முன்வண்டி கெடையாதுங்களா?"

டீச்சர் வாயைத் திறப்பதற்குள் குழந்தைவேலு பிரேக்கை மிதித்தார். வண்டியை ரோட்டோரம் ஒதுக்கினார். கண்ணாடியில் சம்பந்தியின் வண்டியைக் காணவில்லை. எட்டிப் பார்த்தார். தூரத்தில், வளைவுக்கு அந்தப் பக்கம், வேட்டி கட்டிய ஓர் ஆள் ரோட்டில் நின்று ஓர் ஒட்டகத்தைப் போட்டோ எடுத்துக்கொண்டிருந்தார்.

"இந்த மனுசனோட ஒரே ரோதனையாப் போச்சுங்க டீச்சர்" என்று இன்ஜினை அணைத்தார். கையைக் கட்டிக்கொண்டு கண்ணாடியையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்தார். பிறகு கேட்டது ஞாபகம் வந்து திரும்பினார். "நான் கேட்டதுக்கு நீங்க பதிலே சொல்லலீங்களே?"

"அதான் நிறுத்திட்டீங்களே அண்ணாச்சி" என்றார் டீச்சர்.